பிளட்டுக்குக் கீழ நாய்க்குச் சாப்பாடு வைக்கிறது குற்றமோ? (வெள்ளவத்தை, கொழும்பு)

கடற்கரைக்காத்து:
எங்கட லேன் வட்ஸ்அப் குறூப்பில ஒருத்தர் போட்டிருக்கிறார், "ராத்திரியில நாய்க்குச் சாப்பாடு வைக்கிறது ஆரெண்டு தெரிஞ்சா சொல்லுங்கோ, பொலிசில குடுப்பம்" எண்டு. அந்தச் சாப்பாடு வைக்கிற ஆள் என்ர பிரெண்ட். பத்து வருசப் பழக்கம், ஆனா அவள் இப்பிடி ஒண்டு செய்யிறாள் எண்டு எனக்குத் தெரிஞ்சது போன வருசம் தான். பேனை தேடி அவளின்ர பேக்கைத் துழாவேக்க ஒரு சீஆர் கொப்பி அம்பிட்டுது, சீட்டுக்கணக்கெண்டு நினைச்சு விரிச்சா "தண்டவாளத்து வெள்ளைக்கால் - ஊசி போட்டாச்சு, ஒப்பரேஷன் இல்லை", "பாண்கடை நொண்டி - ரெண்டும் முடிஞ்சுது" எண்டு பக்கம் பக்கமா தெருநாயளின்ர கணக்கு, ஒப்பரேஷன் எண்டது குட்டி போடாமல் செய்யிறது. கேட்டதுக்கு, கொப்பியைப் பறிச்சு உள்ள வச்சிட்டு "தேத்தண்ணி குடிப்பமோ" எண்டாள், அவ்வளவு தான்.

பார்மசி பூட்டி பத்து மணிக்கு மெரின் டிரைவ் பக்கம் வருவாள். மீன்தலை போட்டு அவிச்ச சோத்தை பேப்பரில வச்சிட்டு குந்தியிருப்பாள், கடைசி நாய் நக்கி முடிய பேப்பரைச் சுருட்டி சொப்பிங் பேக்கில போட்டுக்கொண்டு தான் எழும்புவாள். ஒரு படம் போட்டதில்லை, ஒருத்தரிட்டயும் காசு கேட்டதில்லை. இதுக்கோ பொலிஸ்?

மூண்டாம்மாடி:
மெசேஜ் போட்டது நான் தான். என்ர மகளுக்கு ஒன்பது வயசு, டியூஷனால வரேக்க கேற்றடியில வச்சுக் கடிச்சது. நாலு தரம் ஊசிக்கு அலைஞ்சம், பிள்ளை இண்டைக்கும் லிப்டால இறங்கினா என்ர கையை விடாது. விசர்நாய்க்கடி அறிகுறி தொடங்கினாப் பிறகு காப்பாத்த மருந்து இல்லை எண்டாவது உங்கட பிரெண்டுக்குத் தெரியுமோ, பார்மசியில தானே வேலை. சாப்பாடு வைக்கிறதால தான் அதுகள் இந்த லேனை விட்டுப் போகுதில்லை. ஒண்டு கேக்கிறன், அவ எங்கட லேனிலயோ இருக்கிறா?

கடற்கரைக்காத்து:
இல்லை, ரெண்டு லேன் தள்ளி. பிள்ளைக்கு நடந்தது எனக்குத் தெரியாது அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எந்த நாய் கடிச்சது?

மூண்டாம்மாடி:
கறுத்த பெட்டை. இப்ப என்ன, அதுக்கும் கொப்பியில பேர் இருக்குதோ?

குசினிப்புகை:
மனுசன் சாப்பிட வழியில்லாத நாட்டில நாய்க்கு மீன்சோறு 😂

கடற்கரைக்காத்து:
தம்பி, 2022ல காஸ் கியூவில நிக்கேக்க பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் அவள் தான் சமைச்சுக் குடுத்தவள். நீங்கள் ஆருக்குக் குடுத்தனீங்கள்?

ஊசிக்காரன்:
நான் நாய்களுக்கு ஊசி போடுற குறூப் ஒண்டோட போறனான், அதால சொல்லுறன். மூண்டாம்மாடி அண்ணையின்ர பயம் சும்மா பயமில்லை, 1973ல மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியில செத்த நாடு இது. இப்ப வருசத்துக்கு 20, 30 பேர் அளவில வந்து நிக்குதெண்டா நாய்க்கும் கடிபட்ட ஆக்களுக்கும் ஊசி போட்டதால. 2006ல இருந்து தெருநாயைக் கொல்லுறதில்லை எண்டது அரசாங்கத்தின்ர கொள்கை, அதால லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும் எண்டு காத்திருக்கிறதில பிரயோசனமில்லை. நீங்களே துரத்தினாலும் குப்பை கிடக்கிற வரைக்கும் வேற லேன் நாய் வரும், அதுக்கு ஊசி போட்டதோ இல்லையோ ஆருக்குத் தெரியும். நூறுக்கு 70 நாய்க்காவது ஊசி ஏறினாத் தான் நோய் பரவுறது நிக்கும். ஆளைக் கண்டு ஓடுற நாயைப் பிடிக்கிறதெண்டா வலையும் கையுமா நாலு பேர் விடிய விடிய ஓடவேணும், அந்தக் கூத்தை நான் எத்தினை தரம் பாத்திட்டன். தினமும் சோறு வைக்கிற ஒரு ஆள் பக்கத்தில நிண்டா பத்து நிமிச வேலை.

ஆனா அக்கா, கேற்றடியில சோறு வைக்கிறதெண்டா அது பிழை தான், உங்கட பிரெண்டிட்டச் சொல்லுங்கோ. நாய் தின்னுற இடத்தைக் காவல் காக்கும், பிள்ளையள் போய் வாற வழியில வைக்கக் கூடாது.

கடற்கரைக்காத்து:
கேற்றடியில வைக்கிறதில்லை, தண்டவாளப் பக்கம் தான். இப்ப போன் எடுத்துக் கேட்டன். கறுத்த பெட்டை கொப்பியில இருக்காம், "கிட்ட வராது, ஊசி இல்லை, ஒப்பரேஷன் இல்லை" எண்டு. மூண்டு மாசமா சோத்தைக் காட்டிக் கூப்பிட்டும் வரேல்லையாம். கடிச்சது அவளின்ர சோறு தின்னாத ஒரே நாய்.

மூண்டாம்மாடி:
அப்ப அது எங்க தின்னுது?

கடற்கரைக்காத்து:
உங்கட பிளட் குப்பையில அண்ணை. இரவு பேக்கைக் கட்டாமல் வெளியில வைக்கிறது ஆரெண்டு குறூப்பில கேட்டுப் பாருங்கோ. சீட்டு எடுத்த காசில மூண்டு பெட்டை நாயளுக்கு ஒப்பரேஷன் செய்விச்சவள், இதுக்கும் காசு எடுத்து வச்சிருக்கிறாள், நாய் தான் அம்பிடுதில்லை.

குசினிப்புகை:
கிழவி கதைக்கு சொறி. நாயை எனக்கு இன்னும் பிடிக்காது.

மூண்டாம்மாடி:
சாப்பாடு வைக்கிறதுக்கு நான் இப்பவும் எதிர்ப்புத் தான், அதை மாத்தேல்லை. குறூப்பில போட்டதை அழிக்கிறன். அந்தக் கறுத்தது பகலில எங்கட ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால படுக்கிறது, ஒரு வழி தான், நிண்டு மறிக்கலாம். வாற ஞாயிறு ஊசிக்காரன் தம்பியும் வாறதெண்டா செக்கியூரிட்டியிட்டச் சொல்லி வைக்கிறன். வயிறு கொஞ்சம் தொங்குற மாதிரிக் கிடக்கு, கெதியாப் பாருங்கோ.