பாய்ன்ட் வீனஸும் நம்ம பாண்டிச்சேரியும்

குழு: நம்ம வீடு, பாண்டி
ஞாயிறு

அக்கா, 7:32
எல்லாருக்கும் காலை வணக்கம் 🙏 இங்க இன்னும் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பசிபிக் கடல்ல இருக்கிற தாஹித்தி தீவுல பாய்ன்ட் வீனஸ் வந்திருக்கோம்
📷 படம்

அம்மா, 7:34
மண்ணு ஏன்டி கரித்தூளாட்டம் இருக்கு?

அக்கா, 7:35
எரிமலைப் பாறை தேய்ஞ்சு வந்த மணல்மா. வெறுங்கால்ல நிக்க முடியல, அவ்ளோ சூடு

சித்தப்பா, 7:36
மலை உச்சியா பாப்பா?

அக்கா, 7:38
இல்ல சித்தப்பா, கடலை ஒட்டித் தாழ்வா நீட்டிட்டு இருக்கிற முனை. மலையெல்லாம் பின்னாடி. நடுவுல 1867ல கட்டின வெள்ளைக் கலங்கரை விளக்கம். சுத்தித் தென்னை, நம்ம ஊரு சவுக்கு! இங்க அதை ஐத்தோங்கறாங்க

பெரியப்பா, 7:45
நல்ல இடத்துக்குப் போயிருக்கம்மா. இங்கிலீஷ் மாலுமி கேப்டன் குக் 1769 ஜூன் 3ல வெள்ளி கிரகம் சூரியனுக்கு முன்னாடி கடந்து போறதை அங்கிருந்துதான் பார்த்தார். தூர தூரமா இருக்கிற ஊர்கள்ல நேரம் குறிச்சு ஒப்பிட்டா சூரியன் எவ்வளவு தூரம்னு கணக்குப் போடலாம். அதுக்குத்தான் கப்பல் ஏறிப் போனாங்க

தம்பி, 7:46
சரியா குறிச்சாங்களா?

பெரியப்பா, 7:49
வானம் தெளிவா இருந்தது. ஆனா வெள்ளி சூரியனோட விளிம்பைத் தொடற இடத்துல கறுப்பா ஒட்டிக்கிட்ட மாதிரி தெரிஞ்சதால, குக், கூடப் போன வானியலாளர் கிரீன், இயற்கையியலாளர் சொலாண்டர் மூணு பேர் குறிச்ச நேரமும் ஒத்துப்போகல

அக்கா, 7:51
பெரியப்பா, லெ ழாந்தீ கதையையும் சொல்லுங்க. இங்க வந்ததுல இருந்து எனக்கு அவர் ஞாபகம்தான்

பெரியப்பா, 7:58
அதே கடப்பைப் பார்க்க நம்ம பாண்டிச்சேரில காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர். 1761 கடப்புக்கே கிளம்பி வந்தார்; அதுக்குள்ள ஊரை இங்கிலீஷ்காரன் பிடிச்சிட்டான், இறங்க முடியல. கப்பல் ஆடற ஆட்டத்துல அளக்கவும் முடியல. அடுத்ததுக்காக எட்டு வருஷம் பிரான்ஸுக்கே திரும்பாம இருந்தார். நம்ம ஆளுங்ககிட்ட கிரகணம் கணிக்கிற முறையைக் கூட கேட்டுக் கத்துக்கிட்டார். 1769 ஜூன் 4 காலைல, நமக்கு அப்போ தேதி மாறிடுச்சு, சரியா அந்த நேரத்துல மேகம் மூடிடுச்சு. கடப்பு முடிஞ்சதும் வெயில் அடிச்சது

அம்மா, 7:59
ஐயோ பாவம் 😢

தம்பி, 8:00
வெள்ளிக் கடப்பு 2012 ஜூன்லயும் வந்துச்சே. அடுத்தது 2117தான்

அக்கா, 8:03
குக்குக்கு இங்க நினைவுச் சின்னம் இருக்கு. லெ ழாந்தீ உழைச்ச உழைப்புக்கு நம்ம கடற்கரைலயும் ஒரு கல்லு வைக்கணும் பெரியப்பா

பெரியப்பா, 8:05
வைக்கணும்மா. நகராட்சிக்கு நான் மனு எழுதறேன். நீ அங்க இருக்கிற கல்வெட்டை எழுத்து தெரியற மாதிரி கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பு, கூட இணைச்சிடலாம்

அக்கா, 8:06
இப்பவே போறேன் 👍