புக்கிங் மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது, அவசரம், யாராவது உதவுங்கள்

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
வணக்கம். சொந்த டொமைன் வாங்கி அதில்தான் மெயில் வைத்திருக்கிறேன். சீசன் தொடங்கியதிலிருந்து விருந்தினர்களுக்குப் போகும் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது. நேற்று சென்னையிலிருந்து வந்த குடும்பம் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் பார்க்கும் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு போன் செய்கிறார்கள், இ-பாஸ் எடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே என்று. மெயிலில் இரண்டாவது வரியே அதுதான்! டொமைனுக்கான டிஎன்எஸ் செட்டிங் எல்லாம் சரி, வெப்சைட் செய்த பையன் பார்த்துவிட்டான். வேறு என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமைக்குள் சரியாகணும், வீடு ஃபுல்.

பனிமூட்டம்:
எந்த மெயில் சேவை? ஜிமெயில்காரர்களுக்கு மட்டுமா, அவுட்லுக், யாஹூவிலும் இப்படித்தானா? நீங்கள் டைப் செய்து அனுப்பும் மெயிலா, தானாகப் போவதா? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது.

மேட்டுப்பாளையத்தான்:
ஐபி பிரச்சினை, வேறு ஒன்றுமில்லை. மலைமேல் வீட்டு பிராட்பேண்டில் ஐபி, அதாவது நெட் இணைப்பின் எண், மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவன் என்ன செய்தானோ, பிளாக்லிஸ்ட்டில் ஏறியிருக்கும். ராத்திரி ரூட்டரை அணைத்துவிட்டுக் காலையில் போடுங்கள்.

சர்வர்சாமி:
மாதம் தவறாமல் இதே கேள்வி. "டிஎன்எஸ் சரி" என்று சொல்பவர்களில் அதைத் திறந்து பார்த்தவர் யாரும் கிடையாது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் என்னவென்று படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

வெலிங்டன் அக்கா:
சாமி, அவர் நடத்துவது ஹோம்ஸ்டே, டேட்டா சென்டர் இல்லை. கோத்தகிரிக்காரரே, ஸ்பேமுக்குப் போன ஒரு மெயிலைக் கம்ப்யூட்டரில் ஜிமெயிலில் திறங்கள். வலது மூலையில் மூன்று புள்ளி, அதில் "ஷோ ஒரிஜினல்". மேலே ஒரு கட்டத்தில் எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (இரண்டும் தோற்றால் என்ன செய்வது என்ற உத்தரவு) என்று வரும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே இங்கே போடுங்கள். விருந்தினர் பெயரை அழித்துவிடுங்கள்.

பூம்பாறை பூண்டு:
மெயில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லை. முழு மெயிலையும் ஒரே பெரிய படமாகப் போட்டு, அடியில் சுருக்கிய லிங்க் வைத்தால் ஃபில்டருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கொடைக்கானலில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது, எழுத்தாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
எஸ்பிஎஃப் பெர்ம்எரர். டிமார்க் ஃபெயில். டிகிம் என்று வரியே இல்லை. நான் போனிலிருந்து பதில் எழுதினால் ஒழுங்காகப் போகிறது, புக்கிங் கன்ஃபர்மேஷன் மட்டும்தான் இப்படி. அது வெப்சைட்டிலிருந்து தானாகப் போவது.

பனிமூட்டம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

மேட்டுப்பாளையத்தான்:
இருந்தாலும் ரூட்டரை ஒரு தடவை…

வெலிங்டன் அக்கா:
வெப்சைட் அனுப்பும் மெயில் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து போகிறது, அவர் வீட்டு ரூட்டர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

பெர்ம்எரர் என்றால் எஸ்பிஎஃப் வரியே தப்பு, சோதிக்க முடியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில் இரண்டு எஸ்பிஎஃப் வரி இருக்கும். வெப்சைட் போட்டபோது ஹோஸ்டிங்காரர் ஒன்று வைத்திருப்பார், மெயில் வாங்கியபோது இன்னொன்று சேர்ந்திருக்கும். ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். ஒரே வீட்டுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி, இரண்டும் செல்லாது. இரண்டிலும் உள்ள இன்க்ளூட்களை (அனுப்ப அனுமதி உள்ள சேவைகளின் பெயர்களை) ஒரே வரியில் சேர்த்து, இன்னொரு வரியை அழியுங்கள்.

அடுத்து டிகிம். போனிலிருந்து போகும் மெயிலில் மெயில் சேவை கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது, அதனால் தப்பிக்கிறது. வெப்சைட் ஃபார்ம் அனுப்புவதில் கையெழுத்தே இல்லை. எஸ்பிஎஃப்பும் தேறவில்லை, டிகிமும் இல்லை என்றால் டிமார்க் ஃபெயில் ஆகாமல் என்ன செய்யும்? அந்த டிமார்க் வரியில் பி என்பதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். குவாரன்டைன் என்று இருந்தால், சோதனையில் தோற்ற மெயிலை ஸ்பேமில் போடு என்று உங்கள் டொமைனே ஜிமெயிலிடம் சொல்லிவைத்திருக்கிறது.

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
ஆமாம், குவாரன்டைன். 2024 பிப்ரவரியில் கூகுள் ரூல் மாற்றியபோது பையன் போட்டானாம்.

சர்வர்சாமி:
அந்த ரூலில் டிமார்க் கட்டாயம் என்பது ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு. நாலு ரூம் வைத்திருப்பவருக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம், ஒன்று இருந்தால் போதும். அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். எஸ்பிஎஃப் வரியைச் சேர்க்கும்போது அந்த வரிக்காக நடக்கும் டிஎன்எஸ் தேடல் 10க்கு மேல் போகக் கூடாது, போனால் மறுபடி பெர்ம்எரர். எஸ்பிஎஃப்புக்கான விதி ஆவணம் ஆர்எஃப்சி 7208.

பனிமூட்டம்:
அதுவரைக்கும் பி-யை நன் (none, தோற்றாலும் ஒன்றும் செய்யாதே) என்று மாற்றி வைக்கலாம்.

சர்வர்சாமி:
எவன் வேண்டுமானாலும் அவர் பெயரில் மெயில் அனுப்பட்டும் என்கிறீர்களா?

பனிமூட்டம்:
ஒரு வாரத்துக்கு சாமி. கோத்தகிரி ஹோம்ஸ்டே பெயரில் யார் போலி மெயில் விடப்போகிறார்கள்?

அருவங்காடு:
மெயிலை விடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை முடிந்தது. இந்த இ-பாஸே ஒரு தொல்லை. 2024 மே 7லிருந்து இதே கதை. பிறந்து வளர்ந்தது இங்கே, வண்டி மட்டும் கோவையில் வாங்கியது, என்னையும் நிறுத்துகிறார்கள்.

பூம்பாறை பூண்டு:
உள்ளூர் வண்டிக்குத் தேவையில்லையே?

அருவங்காடு:
டிஎன் 43 என்றால்தான் உள்ளூர். என்னுடையது டிஎன் 38.

மேட்டுப்பாளையத்தான்:
பஸ்ஸில் வாருங்கள், அரசு பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம். சனி ஞாயிறு கல்லாறிலிருந்து வண்டி நிற்கிற வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? 2025ல் கோர்ட் வார நாளில் ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறு 8000 என்று வரம்பு போட்டது சும்மா இல்லை.

அருவங்காடு:
சுற்றுலா வண்டிக்கு வரம்பு போடட்டும், யார் வேண்டாம் என்றது. நான் டூரிஸ்ட்டா?

வெலிங்டன் அக்கா:
இ-பாஸ் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. கோத்தகிரிக்காரரே, எஸ்பிஎஃப் மட்டும் சரிசெய்து நிறுத்திவிடாதீர்கள். வெப்சைட் ஃபார்மை எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) வழியாக உங்கள் மெயில் கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், வேர்ட்பிரஸ் என்றால் அதற்கு பிளக்இன் இருக்கிறது. அப்போது ஃபார்ம் மெயிலிலும் டிகிம் கையெழுத்து விழும். எஸ்பிஎஃப்பை மட்டும் நம்பினால், விருந்தினர் தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருந்தால் அங்கே உடைந்துவிடும். டிகிம் தாங்கும். அப்புறம், ஸ்பேமில் கண்டெடுத்தவர்களை "நாட் ஸ்பேம்" அழுத்தச் சொல்லுங்கள்.

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
எஸ்பிஎஃப் ஒரே வரி ஆக்கியாச்சு, இப்போது பாஸ் காட்டுகிறது. டெஸ்ட் மெயில் இன்பாக்ஸுக்கே வந்தது. எல்லாருக்கும் நன்றி. கரண்ட் இல்லை, பிறகு வருகிறேன்.

வெலிங்டன் அக்கா:
எஸ்எம்டிபி மாற்றினீர்களா?

பனிமூட்டம்:
பி என்னவாக இருக்கிறது இப்போது?

ஊட்டி வர்க்கி:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் ஹாட்மெயிலில் மட்டும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸ். என்ன செய்யலாம்?

சர்வர்சாமி:
எந்த மெயில் சேவையிலிருந்து அனுப்புகிறீர்கள் என்று சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.