புதுப்பிப்பு: பழைய டூரிங் பைக்கின் கனமான கிளட்சும் மூட்டுவலியும்

விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கிளட்ச் கனமாக இருந்தால் கேபிளுக்கு எண்ணெய் விட்டாலே போதும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

எண்ணெய் விடும் முன் லிவர் முனையைக் கழற்றிப் பாருங்கள். கேபிள் நுனியில் இருக்கும் உருண்டை நிப்பிள், லிவர் குழிக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். அது இறுகிவிட்டால், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கி, இழை இழையாக அறும். ஓர் இழை சிலிர்த்து நின்றாலும் கேபிளையே மாற்றிவிடுங்கள். உள்ளே நைலான் உறை உள்ள கேபிளில் கெட்டி கிரீஸ் வேண்டவே வேண்டாம், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். கிரீஸ் லிவர் பிவட் போல்ட்டுக்கு (லிவர் எதைச் சுற்றி அசைகிறதோ அந்த போல்ட்) மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக.

மாட்டியபின் லிவரில் 2–3 மி.மீ. தளர்வு (கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா அசையும் தூரம்) பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் மேனுவல் சொல்வதே முடிவு. ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியும் அந்த அளவு மாறக்கூடாது. மாறினால் கேபிள் போகும் வழி தவறு.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், திரவக் கிண்ணத்தின் மூடியில் எழுதியிருக்கும் திரவம் மட்டுமே. டாட் 4 (ஒரு வகை பிரேக் திரவம்) கேட்கும் வண்டியில் மினரல் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊதிப் பாழாகும்.

சென்டர் ஸ்டாண்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு: முதுகால் தூக்காதீர்கள். ஸ்டாண்டின் இரு காலும் தரையைத் தொட்டபின் உடல் எடை முழுவதையும் ஸ்டாண்டின் மிதியில் இறக்குங்கள், வண்டி தானே ஏறும்.