உள்ளீடற்ற தூணுக்கு வெளியே மட்டும் கார்பன் உறை சுற்றினால் போதுமா?

தாங்கி:
வரைகோடு நேற்று எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. "தூண் உள்ளீடற்றதாக இருந்தாலும் உறைக்கு வெளிவிட்டம்தான் கணக்கு, திடத் தூணின் சூத்திரத்தையே போடலாம்" என்கிறார். திடத் தூணில் கான்கிரீட் பக்கவாட்டில் விரியும்போது, சுற்றி ஒட்டிய கார்பன் நார் உறை இழுபட்டு அதைத் திருப்பி அழுத்துகிறது. அந்த அழுத்தத்துக்கு நடுவிலுள்ள கான்கிரீட் முட்டுக்கொடுக்கிறது. நடுவில் வெற்றிடம் இருந்தால் முட்டுக்கொடுப்பது எது? வெற்றிடத்தைப் பார்த்த உள்முகத்தில் ஆரத்திசை அழுத்தம், அதாவது மையத்தை நோக்கிய அழுத்தம், சுழியம். இதற்கு மட்டும் அவர் பதில் சொல்லட்டும்.

வரைகோடு:
ஆரத்திசையில் சுழியம் என்பதை நான் மறுக்கவே இல்லை. வளையத்திசையை, அதாவது சுற்றளவு நெடுகச் செல்லும் திசையைத்தான் தாங்கி விட்டுவிட்டார். தடித்த உருளைக்கான லாமே கணக்கின்படி, உள் ஆரம் வெளி ஆரத்தில் பாதி என்றால், உள்முகத்தின் வளையத்திசை அழுத்தம் உறை தரும் அழுத்தத்தைப் போல் சுமார் 2.67 மடங்கு. இரு திசைகளில் சமமாக அமுக்கப்பட்ட கான்கிரீட்டின் வலிமை சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்று கான்கிரீட் ஆய்வாளர் கூப்ஃபரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1969இலேயே காட்டிவிட்டார்கள். உள்முகம் அநாதையாக நிற்கவில்லை.

தாங்கி:
லாமே கணக்கு மீள்தன்மை உள்ள பொருளுக்கானது. விரிசல் விட்டு உதிரத் தொடங்கிய கான்கிரீட்டுக்கு அதைப் போட்டுக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் சான், பார்க், பிரீஸ்ட்லி மூவரும் உள்முகத்தில் வளையக் கம்பி இல்லாத வட்ட உள்ளீடற்ற தூண்களைச் சோதித்து 1990இல் எழுதினார்கள். சுவர் மெல்லியதாகி நடுநிலை அச்சு (தூண் வளையும்போது அமுங்கும் பக்கத்தையும் இழுபடும் பக்கத்தையும் பிரிக்கும் கோடு) வெற்றிடத்துக்குள் விழுந்தால், உள்முகம் நொறுங்கித் தூண் சட்டென்று உடைகிறது. மறுபடியும் கேட்கிறேன்: உள்முகத்தில் ஆரத்திசை அழுத்தம் எவ்வளவு?

வரைகோடு:
அங்கே இருந்தது எஃகு வளையம், கார்பன் உறை அல்ல. வேறு பொருளின் சோதனையைக் கொண்டுவந்து என் வாயை அடைக்க வேண்டாம்.

கம்பிக்கட்டு:
நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உறை சுற்றிய சதுர உள்ளீடற்ற மாதிரி ஒன்றைச் சோதனைக்கூடத்தில் அழுத்தி இறக்கியபின் டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். உள்முகம் செதில் செதிலாகக் கழன்றிருந்தது. நீள்வாட்டுக் கம்பி ஒன்று உள்பக்கமாக வளைந்து நின்றது. வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் உறை வீண் என்று நான் சொல்லமாட்டேன். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட சோதனைகளில் வலிமை சிறிதளவே கூடினாலும், தூண் உடையுமுன் வளைந்துகொடுக்கும் திறன் நன்றாகவே கூடியது. இன்னொன்று: போன மாதம், உறை சுற்றுமுன் சதுரத் தூணின் கூர்மூலையை வளைவாக்குவது பற்றி நான் எழுதியபோது, "தளம் மிதிக்காதவர்" என்று தாங்கி என்னைச் சொன்னார். அதை இன்னும் மறக்கவில்லை.

தாங்கி:
அப்போது நீங்கள் மூலை ஆரம் 13 மில்லிமீட்டர் போதும் என்று எழுதினீர்கள். அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் வழிகாட்டியில் அது குறைந்தபட்சம் மட்டுமே. கூர்மூலையில் நார் அறுந்ததை நேரில் பார்த்தவன் என்பதால்தான் அப்படிச் சொன்னேன்; அந்தச் சொல்லைத் திரும்பப் பெறமாட்டேன்.

கம்பிக்கட்டு:
"குறைந்தது 13" என்றுதான் எழுதினேன். பழைய பதிவைத் திறந்து ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

வரைகோடு:
மூலைச் சண்டை வேறு இடத்தில் நடக்கட்டும். சதுரத் தூணில் நேர்ப்பக்கம் வெளிப்பிதுங்குவதால் உறை பயன் குறைகிறது. நான் பேசியது வட்டத் தூண், அதில் அந்தக் குறை இல்லை. வளையத்திசை அழுத்தம் உள்முகத்தில்தான் உச்சம். இதைத் தாங்கி இன்னும் தொடவே இல்லை.

தாங்கி:
தொட்டேன், நீங்கள் படிக்கவில்லை. கான்கிரீட் உள்நோக்கிப் பிதுங்க இடம் இருக்கும்போது உறை முழு இழுவிசைக்கே வராது. உறையே இறுகாதபோது உங்கள் 2.67ஐ எதனால் பெருக்குவீர்கள்? திடத் தூணின் சூத்திரத்தைப் போடலாம் என்று எழுதியவர் நீங்கள். அந்தச் சூத்திரம் ஆரத்திசை அழுத்தத்தை வைத்துத்தான் வலிமையைக் கூட்டுகிறது. உள்முகத்தில் அது எவ்வளவு என்று ஒரே ஓர் எண்ணை இங்கே எழுதுங்கள்.

வரைகோடு:
எந்தத் திசையில் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

தாங்கி:
முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். ஆரத்திசையில்.