புதுப்பிப்பு: சேலையை மாற்றச் சொன்னால் முகமும் மாறுகிறது

பழைய குடும்பப் படத்தில் சேலையை மட்டும் பச்சையாக்க ஏஐ மாடலிடம் சொன்னால் அத்தையின் முகமும் பின்சுவர் நாட்காட்டியும் சேர்ந்து மாறுகின்றன என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது.

எழுத்துக் கட்டளைப்படி படத்தைத் திருத்தும் இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ் மாடலில் வழிகாட்டு அளவுகள் (எதை எவ்வளவு பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் எண்கள்) இரண்டு: ஒன்று கட்டளைக்கு, மற்றது மூலப் படத்துக்கு. எல்லோரும் முதலாவதையே திருகிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவதை, வழக்கமான 1.5-இலிருந்து சற்று ஏற்றியதும் நாட்காட்டி அசையாமல் நின்றது. மேலும் ஏற்றினால் சேலையே மாற மறுக்கிறது!

முகம்தான் பிடிவாதம் பிடித்தது. சேலைக்கு மட்டும் மாஸ்க் (மாற்ற வேண்டிய பகுதியின் குறி) வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் புதிதாக வரையும் இன்பெயின்டிங் மாடலிலும் ஓட்டினேன். அப்போதும் மூக்குத்தி மங்கியது. இதற்குக் காரணம் டிஃப்யூஷன் (இரைச்சலைப் படிப்படியாக நீக்கிப் படத்தை உருவாக்கும் வேலை) அல்ல. 512 பிக்சல் பக்கத்தை 64-ஆகச் சுருக்கி மீண்டும் விரிக்கிறதே மாடலின் விஏஇ என்ற பகுதி, அந்தப் போக்குவரத்திலேயே நுணுக்கங்கள் உதிர்கின்றன. எந்தத் திருத்தமும் இல்லாமல் சுருக்கி விரித்துப் பார்த்தேன், அதே மங்கல். ஆகவே மாஸ்க்குக்கு வெளியே மூலப் படத்தின் பிக்சல்களையே திரும்ப ஒட்டி, ஓரத்தைக் கொஞ்சம் மழுக்கிவிட்டேன். மூக்குத்தி பளிச்சென்று வந்துவிட்டது.

ஜரிகை மட்டும் பாக்கி. சீடு எண்ணை (தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்) மாற்றினால் பூவேலையும் மாறுகிறது. ஒளிர்வை மூலப் படத்திலிருந்தும் நிறத்தை மட்டும் புதிய படத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் பார்க்கப் போகிறேன்.