பொங்கலுக்கு டெல்லியிலிருந்து பிள்ளைகள் வரத்தான் வேண்டுமா?

மயிலைத் தாத்தா:
மகன் குடும்பம் டெல்லியில் இருக்கிறது. சென்ற பொங்கலுக்கு விடியற்காலை விமானத்தில் டிக்கெட் எடுத்தார்கள். நள்ளிரவிலேயே பேரப்பிள்ளைகளைத் தூக்கத்தோடு விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், பனிமூட்டம் என்று பிற்பகல்வரை நாற்காலியில் கிடந்தார்கள். இங்கே வந்து இறங்கியதும் சின்னவளுக்குக் காய்ச்சல். பொங்கல் அன்று அவள் கஞ்சிதான் குடித்தாள். ஆகவே இந்த முறை உறுதியாகச் சொல்லிவிட்டேன்: தைக்கு வேண்டாம், பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு வாருங்கள். அப்போது பனியும் இருக்காது, டிக்கெட் விலையும் குறைவு. இதற்காக என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் சொன்னதில் என்ன தவறு?

வேளச்சேரி வாணி:
ஐயா, பங்குனி என்றால் மார்ச், ஏப்ரல். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு, அது முடிந்தால் புது வகுப்பு. டெல்லிப் பள்ளிகள் குளிர்கால விடுமுறை விடுவது ஜனவரி முதல் பாதியில்தான். பேரப்பிள்ளைகள் கையில் கரும்போடு நிற்கக்கூடிய ஒரே சமயத்தை விட்டுவிட்டு, தேர்வுக் காலத்தில் தேர் பார்க்க வரச் சொல்கிறீர்கள். அம்மா பேசாமல் இருப்பது நியாயம்தான்.

அண்ணாநகர் அறிவழகன்:
நான் தாத்தா பக்கம். பண்டிகை என்று சொல்லிக் கைக்குழந்தைகளை வதைக்க வேண்டுமா? காணொளி அழைப்பில் பானை பொங்குவதைக் காட்டலாம். அல்லது பெரியவர்கள் இருவரும் டெல்லிக்குப் போகலாம்.

மயிலைத் தாத்தா:
டெல்லிக் குளிரில் என் முழங்கால் மடங்காது தம்பி. ஆதரவுக்கு நன்றி, யோசனை வேண்டாம்.

பெரம்பூர் ரயிலன்பன்:
விமானத்தை விட்டுத் தொலையுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு படுத்தால் நாக்பூர், மறுபடி படுத்து எழுந்தால் சென்ட்ரல். பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டே வருவார்கள். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்காரத் தெரிந்தால் போதும்.

குருகிராம் மருமகள்:
ரயிலன்பன் அண்ணா, அது ஏறக்குறைய 33 மணி நேரப் பயணம், 2,180 கிலோமீட்டர் சொச்சம். போக வர மூன்று, நான்கு நாள் விடுப்பு ரயிலிலேயே கரைந்துவிடும். பனியில் ரயில் மட்டும் நேரத்துக்கு ஓடுகிறதா என்ன? ஆக்ரா தாண்டுவதற்குள்ளேயே தாமதம் தொடங்கிவிடும்.

தாத்தா, தவறாக நினைக்க வேண்டாம். நானும் உங்கள் மருமகளைப் போல ஒருத்திதான். வருவதா வேண்டாமா என்று எங்களைக் கேட்காமலே நீங்கள் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கால் வலிக்க உட்கார்ந்திருப்பது நாங்கள். ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் எதையும் கேட்காமல் இந்த ஐந்து நாள் விடுப்புக்காகக் கெஞ்சுவதும் நாங்கள்தான். தாமதமானால் பயணிக்கு உரிமைகளும் உண்டு. டெல்லி–சென்னை தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் உணவு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

மயிலைத் தாத்தா:
அதே விதியில் ‘கைமீறிய காரணம்’ என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்களே, படித்தீர்களா அம்மா? பனிமூட்டத்துக்கு நட்ட ஈடு கிடையாது. 2024 ஜனவரியில் டெல்லிக்குப் போக வேண்டிய விமானத்தைப் பனியால் மும்பைக்குத் திருப்பி, பயணிகள் ஓடுதளத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதை நாடே பார்த்தது. உரிமையாம்!

பல்லாவரத்தான்:
விமான நிலையத்தில் தரைப்பணியில் பல காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். இங்கே இரண்டு தரப்பும் பனியைப் பற்றிப் பேசுகிறீர்கள், கடிகாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

டெல்லியில் அடர்பனி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் இறங்கி, காலை ஒன்பது, பத்து மணிக்குள் விலகும். அங்கே ஓடுபாதையில் 50 மீட்டர் தெரிந்தாலே தரையிறங்கும் வசதி இருக்கிறது. ஆனால் விமானத்திலும் அதற்கான கருவி வேண்டும், விமானிக்கும் அந்தப் பயிற்சி வேண்டும். புறப்படுவதற்கோ 125 மீட்டராவது தெரிய வேண்டும். வந்து இறங்கிய விமானம் கிளம்ப முடியாமல் நிற்பது இதனால்தான். பயணிகள் அதைப் பார்த்துவிட்டு, “அது மட்டும் எப்படி இறங்கியது?” என்று எங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

அந்த ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர் போகும். காலையில் விழுந்த தாமதம் இரவுவரை கூடவே வரும். இதற்கிடையில் விமானியின் பணி நேர வரம்பு முடிந்தால் வேறு ஆள் வர வேண்டும். ஆகவே விடியற்காலையும் வேண்டாம், கடைசி விமானமும் வேண்டாம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள் கிளம்புவதாகப் பாருங்கள். சென்ற ஆண்டு உங்கள் மகன் எடுத்தது மலிவான டிக்கெட்டாக இருந்திருக்கும். அந்த நேரத்து டிக்கெட் ஏன் மலிவு என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்று. போகி அன்று காலை சென்னையில் இறங்கும்படி எடுக்கவே எடுக்காதீர்கள். இங்கே டெல்லியைப் போல அடர்பனியில் இறங்கும் வசதி கிடையாது. 2018 ஜனவரி 13 அன்று போகிப் புகை பனியோடு கலந்து, சென்னைக்கு வந்த விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பினார்கள். டெல்லிப் பனியைத் திட்டும் நாம்தான் இங்கே டயரைக் கொளுத்துகிறோம்.

அண்ணாநகர் அறிவழகன்:
எங்கள் தெருவில் டயர் யாரும் கொளுத்துவதில்லை. பழைய பாய் மட்டும்தான்.

பல்லாவரத்தான்:
பாய்க்கும் புகை உண்டு சார்.

வேளச்சேரி வாணி:
தாத்தா, இத்தனை பேரிடம் கேட்டீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

மயிலைத் தாத்தா:
கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. மகனோடு பேசி அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். போகிக்கு மூன்று நாள் முன்பாக, பகல் ஒரு மணி விமானம். மாம்பலத்துக்குப் போய்ப் புது வெண்கலப் பானைகூட வாங்கியாகிவிட்டது. எனக்கே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். என் கருத்தில் மாற்றமில்லை, பங்குனிதான் சரி.

பெரம்பூர் ரயிலன்பன்:
திரும்பிப் போவதற்காவது ரயிலில் போட்டிருக்கலாம்.

பல்லாவரத்தான்:
திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள் ஐயா. காணும் பொங்கல் இரவு எட்டரைக்குக் கிளம்புவதாக இருந்தால், டெல்லியை அடைய நள்ளிரவு நெருங்கிவிடும். சற்றுத் தாமதமானாலும் பனிக்குள் மாட்டி, ஜெய்ப்பூரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். இன்றே மாற்றினால் கட்டணம் குறைவாக இருக்கும்.

மயிலைத் தாத்தா:
எட்டேமுக்கால் என்று போட்டிருக்கிறது. அவளிடம் யார் சொல்வது?