பினோபார்பிட்டால் அளவு சரிந்திருக்கிறது: ஜெல் டியூப் காரணமாக இருக்குமா?

வணக்கம். கால்நடை மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராகப் பணிபுரிகிறேன். வலிப்புக்குப் பினோபார்பிட்டால் எடுத்துவரும் ஒரு நாயின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மருந்தளவு வெகுவாகக் குறைந்துள்ளது, காரணம் பிடிபடவில்லை.

ஆறு வயது ஆண் நாய், எடை 20 கிலோ, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் மாத்திரை. தொடங்கிய மூன்றாம் வாரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 26 மைக்ரோகிராம் இருந்த அளவு, நான்காம் மாதத்தில் 14 என்று வந்திருக்கிறது. ஆனால் இடையில் வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை. எனக்கு உறுத்துவதே அதுதான்.

மீதமுள்ள மாத்திரைகளை உரிமையாளருடன் எண்ணிப் பார்த்ததில் எந்த வேளையும் தவறவில்லை. மாத்திரையின் தயாரிப்பு, நாயின் எடை, உணவு எதுவும் மாறவில்லை, வேறு மருந்தும் சேரவில்லை. இரு முறையும் அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னரே ரத்தம் எடுக்கப்பட்டது. இம்மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டித் தானே விரைவாகச் சிதைவதால், நாளடைவில் அளவு ஓரளவு இறங்குவது இயல்பே. ஆயினும் முதல் மாதிரி ஜெல் இல்லாத சிவப்பு மூடி டியூப்பில் எடுக்கப்பட்டது. இரண்டாவதோ ஜெல் டியூப்பில் (சீரத்துக்கும் ரத்த அணுக்களுக்கும் இடையே தடுப்பாக ஜெல் அமையும் குழாய்) எடுக்கப்பட்டு, சீரம் வேறு டியூப்புக்கு மாற்றப்படாமல் இரவு முழுவதும் ஜெல் அடுக்கின் மேலேயே நின்ற பிறகுதான் ஆய்வகத்துக்குச் சென்றது. ஜெல் இம்மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதை அறிவேன். எவ்வளவு என்பதில்தான் தெளிவில்லை.

மருத்துவர் மருந்தளவை உயர்த்த எண்ணுகிறார். அதற்கு முன் ஜெல் இல்லாத டியூப்பில் மறுமாதிரி எடுக்குமாறு கேட்கும் அளவுக்கு, ஜெல் மட்டுமே இத்தனை பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதை உங்களில் எவரேனும் நேரில் கண்டிருக்கிறீர்களா?